சமையலக்காவின் சாம்பல்நிற விருந்தாளி

வலது கையில் குடுவை, இடது கையில் தட்டின் மூடி. மூடியை முழுக்கத் திறப்பது கிடையாது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் தூக்க வேண்டும், குடுவையைச் சாய்க்க வேண்டும், தட்டின் அடி மறைந்ததும் நிமிர்த்தி மூட வேண்டும். அடுத்த தட்டு. அதற்கடுத்தது. நடுவில் தும்மல் வந்தால் விழுங்கிவிட வேண்டும். குடுவைக்குள் இருப்பது அகார் கலந்த சாறு. சூடாக இருக்கும்வரை தண்ணீர்போல ஓடும், ஆறினால் கட்டியாக உறைந்துவிடும். அதிகச் சூட்டில் ஊற்றினால் மூடியில் வியர்க்கும், ஆறவிட்டால் குடுவையிலேயே உறைந்து மானத்தை வாங்கும். குடுவையை மணிக்கட்டின் உட்புறம் வைத்து, மூன்று எண்ணும்வரை தாங்க முடிந்தால் அதுதான் பதம். சமையலக்கா இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் பதம் பார்த்தாள். அந்த இடத்தில் தோல் மற்ற இடத்தைவிட ஒரு மாற்று கறுத்திருந்தது.

அவள் சமைத்ததை மனிதர் யாரும் சாப்பிட்டதில்லை. அந்தக் கட்டடத்தில் பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். பாக்டீரியாவை ஆராய முதலில் அதை வளர்க்க வேண்டும், வளர்க்கச் சோறு போட வேண்டும். இறைச்சிச் சாறு, உப்பு, சர்க்கரை, சிலதுக்கு ஆட்டு ரத்தம், சிலதுக்கு வெறும் தண்ணீரும் கொஞ்சம் சத்தும் போதும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாக்கு. கீழ்த்தளத்தில், பிரஷர் குக்கர்போல அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் ஆள் உயர ஆட்டோகிளேவும் இரண்டு அடுப்பும் நீள மேஜையும் இருந்த அந்த அறைக்குச் சமையல்கட்டு என்று பெயர். அதனால் அவள் சமையலக்கா. வீட்டில் சமைப்பது அவள் கணவர்.

அதற்கு முன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் புரட்டிப்போட்டு, துடைத்து, புண் கட்டிவிடும் வேலை. ஒன்பது மாதம் பயிற்சி எடுத்துச் சேர்ந்த வேலை. கனமான ஒருவரைத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்த இடுப்பு பிடித்ததுதான். பாட்டில் கழுவ ஆள் வேண்டும் என்று இங்கே கூப்பிட்டார்கள். கழுவ வந்தவள் மூன்று வருடத்தில் சமையல் கற்றுக்கொண்டாள். வாரத்துக்கு நானூறு தட்டு. கணக்குப் பார்த்தால் நாலு லட்சத்துக்கு மேல். அத்தனையும் மேலே போய்த் திரும்பி வரும். ஊற்றும்போது வெறுமையாக இருந்தது, திரும்பும்போது மஞ்சளும் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். அதை அப்படியே ஆட்டோகிளேவில் வைத்துக் கொன்று, குப்பைக்கு அனுப்பி, அடுத்த வேளைக்கு உலை வைப்பாள். மேலே அதைப் பார்க்கும் நுண்ணோக்கியில் அவள் ஒரு தடவைகூடக் கண்ணை வைத்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை. அவளும் கேட்கவில்லை. அடுப்பில் எப்போதும் ஏதாவது இருந்தது.

தட்டுகள் மூன்று அறைகளுக்குப் போகும். முதல் அறையில் ஆறாத புண்களில் எந்தக் கிருமி இருக்கிறது என்று பார்க்கும் பெண், புண்ணு மேடம். இரண்டாவதில் வயல் மண்ணில் பயிருக்கு உதவும் கிருமிகளைத் தேடுபவர், மண்ணு சார். மூன்றாவதில் கழிவுநீரைத் தின்று சுத்தம் செய்யும் கிருமிகளை வளர்ப்பவர், சாக்கடை சார். இவர் தன் கதவிலேயே அந்தப் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். மற்ற இருவருக்கும் அவ்வளவு பெரிய மனசு கிடையாது.

திங்கட்கிழமை கடைசித் தட்டை ஊற்றி முடிக்குமுன் மேலேயிருந்து போன் வந்தது. இயக்குநர் அம்மா உடனே வரச் சொன்னார்.

அறைக்குள் மூன்று பேரும் இருந்தார்கள். மேஜைமேல் தட்டுகள். எல்லாத் தட்டிலும் ஒரே ஆள். சாம்பல் வெள்ளை நிறம், பளபளப்பில்லாத முகம், மாவு சிந்தி உலர்ந்ததுபோலச் சொரசொரத்த விளிம்பு. இரண்டு மாதமாகத் திரும்பி வரும் தட்டுகளில் அவனை அவளும் பார்த்திருந்தாள். விருந்தாளி என்று மனசுக்குள் பெயரும் வைத்திருந்தாள்.

"இருபத்திரண்டு நோயாளியோட புண்ணு. பத்தொன்பதுல இதே மூஞ்சி. வார்டுல பரவுதா, வார்ட மூடலாமான்னு டாக்டருங்க கேட்டுக் கேட்டு என் உயிர எடுக்குறாங்க," என்றாள் புண்ணு மேடம்.

"பக்கத்து ரூம்ல ஒருத்தர் தினமும் மண்ண சலிச்சா எப்படி இருக்கும்? தூசி பூரா நம்ம தலையிலதான்," என்றார் சாக்கடை சார்.

மண்ணு சாருக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "தூசின்னு சொல்லாதீங்க. எட்டு வயலு. எட்டுலயும் இது இருக்கு. வேரழுகல தடுக்குறது இதுதான்னு நினைக்கிறேன். அடுத்த மாசம் கட்டுரை அனுப்பப் போறேன்."

"அப்ப என் சாக்கடையிலயும் உங்க வயலுதான் ஓடுதா?"

"ஓடலாம். மழை பெய்யுதுல்ல?"

"சரி, கட்டிலோட கட்டிலா கிடக்குற நோயாளி கால்ல? அங்கயும் நாத்து நட்டீங்களா?" சாக்கடை சார் விடவில்லை.

இயக்குநர் அம்மா தலையில் ஏற்றியிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவர் அப்படிச் செய்தால் பேச்சு நிற்கும். "மூணு ரூமுக்கும் பொதுவா இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார். சமையலக்காவைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள இது நிக்கலைன்னா ஊத்தின தட்டா கம்பெனியிலேர்ந்து வாங்கிக்கலாம். ஆர்டர் எழுதி வெச்சாச்சு. சமையல்கட்ட மூடிடலாம். உங்களுக்கு ஸ்டோர்ல இடம் இருக்குக்கா. உட்கார்ந்து பார்க்குற வேலை. இடுப்புக்கும் நல்லது."

"என் தட்டு சுத்தம்மா," என்றாள் அவள்.

"இருக்கட்டும். காட்டுங்க."

அவள் காட்டினாள். அன்றே ஊற்றியதில் முப்பது தட்டை மூடி திறக்காமல் சூட்டுப்பெட்டியில் வைத்தாள். உடம்புச் சூட்டில் ஒரு ராத்திரி இருந்தால், உள்ளே ஒளிந்திருப்பது எதுவானாலும் காலையில் தலை காட்டிவிடும். செவ்வாய் காலை முப்பதும் துடைத்த கண்ணாடிபோல இருந்தன. இயக்குநர் அம்மா முப்பதையும் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

"இது சுத்தம்தான்க்கா. ஆனா மேல போய்த் திறந்த உடனே வருதே. இந்த முப்பத வெச்சு ரெண்டு மாசத்துக்குப் பதில் சொல்ல முடியாது."

நியாயந்தான். அவளுக்குக் கோபம் வந்தது, ஆனால் நியாயம் என்றும் தெரிந்தது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு படியிறங்குவது கஷ்டம். பாதிப் படியில் நின்றாள், திரும்பி மேலே ஏறினாள், புண்ணு மேடத்தின் கதவைத் தட்டினாள்.

"மேடம், இந்த விருந்தாளி யாருன்னு எனக்குத் தெரியணும்."

"விருந்தாளியா?" புண்ணு மேடம் சிரித்துவிட்டாள். "நல்ல பேருக்கா. உக்காருங்க. நீங்களே பாருங்க."

ஒரு குச்சி நுனியில் தொட்டு, கண்ணாடிச் சில்லில் தேய்த்து, காயவைத்து, பச்சைச் சாயம் ஊற்றி, ஆவியில் சூடாக்கி, கழுவி, பிறகு சிவப்புச் சாயம். சமையலக்கா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். பொறுமையான கைதான், குறை சொல்ல முடியாது. பிறகு நுண்ணோக்கியின் நாற்காலி அவளுக்குக் கொடுக்கப்பட்டது. முதலில் தன் கண் இமை முடிதான் தெரிந்தது. "கொஞ்சம் தள்ளி வைங்க. மூச்ச விடுங்கக்கா, அது ஓடிப் போகாது."

பிறகு தெரிந்தது.

சிவப்புக் குச்சிகள். ஒன்றின் வாலில் ஒன்று ஒட்டிக்கொண்டு, சரக்கு ரயில்போல வளைந்து நின்றன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு பச்சை மணி. அவ்வளவு பச்சையை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. சில மணிகள் குச்சியை விட்டு வெளியே வந்து தனியாகவும் கிடந்தன. எத்தனை என்று எண்ணப் பார்த்தாள். அறுபதில் விட்டுவிட்டாள். குச்சி நுனியில் ஒட்டியதில் பாதிக்குப் பாதிகூட இல்லை இது. அப்படியானால் ஒரு தட்டில் எவ்வளவு? நாலு லட்சம் தட்டில்? மணிக்கட்டு சுட அவள் ஊற்றிய சோற்றைத் தின்று வளர்ந்த கூட்டம் இதுதான். இருபத்திரண்டு வருடம் பந்தி பரிமாறிவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருப்பவர் முகத்தை இன்றுதான் பார்க்கிறாள்.

"அந்தப் பச்சை என்னா?" என்றாள்.

"அதுதான் ஸ்போர். விதைன்னு வெச்சுக்குங்க. சாப்பாடு இல்ல, தண்ணி இல்லன்னா இவன் அழ மாட்டான். தனக்குள்ளயே ஒரு பெட்டி செஞ்சு, முக்கியமானத மட்டும் உள்ள வெச்சுப் பூட்டிப்பான். வெளி உடம்பு செத்துடும். பெட்டி இருக்கும். காய வைங்க, பட்டினி போடுங்க, கொதிக்க வைங்க, அப்படியே தூங்கும். உங்க குக்கர்ல அழுத்தத்துல வெச்சாதான் சாகும்."

"எவ்ளோ நாளு தூங்கும்?"

"நாளா? வருஷக்கணக்குக்கா. எவ்வளவுன்னு கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்தவங்க யாரும் இல்ல. அதுக்குள்ள பார்க்குறவங்க போய்டுறாங்க."

"முழிச்சா?"

"இருபது முப்பது நிமிஷத்துல ஒண்ணு ரெண்டாகும். ரெண்டு நாலு. சாயங்காலம் ஒருத்தன், காலையில கோடி."

அவள் மறுபடியும் குனிந்து பார்த்தாள். மூச்சு இல்லை, பசி இல்லை, சாவும் இல்லை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைக் கடைசி மூச்சு வரை பார்த்தவள். உயிர் இருக்கிறதா என்று மூக்கருகில் கை வைத்துப் பார்த்த கை அது. இந்த மணியிடம் எந்தக் கையை எங்கே வைத்துப் பார்ப்பது? அடுப்பு ஞாபகம் வந்து அவள் எழுந்தபோது இருபது நிமிடம் ஓடியிருந்தது. அவள் வேலை நேரத்தில் இருபது நிமிடம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

கீழே வந்து பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தாள். பயிற்சிக் காலத்தில் தலைமை நர்ஸ் ஒன்று சொல்வார்: நாலு கட்டிலில் ஒரே மாதிரி புண் வந்தால் கட்டிலை முறைத்துப் பார்க்காதே, கட்டிலுக்குக் கட்டில் போவது எது என்று பார். துணியா, கிண்ணமா, உன் கையா? இங்கே மூன்று அறைக்கும் போவது எது? தட்டு போகிறது. குப்பை வண்டி போகிறது. சலவைக்காரர் கொண்டுவரும் வெள்ளைக் கோட்டு போகிறது. அவளும் போகிறாள்.

சரி, கையிலிருந்து ஆரம்பிப்போம் என்று மூன்று தட்டை எடுத்தாள். ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். அடியில்தான் எழுத வேண்டும். மூடியில் எழுதுகிறவர்கள் இரண்டு மூடியை ஒன்றாகத் திறந்து, மாற்றி மூடிவிட்டு, யார் எதில் என்று தெரியாமல் விழிப்பார்கள். ஒன்றில் ‘கழுவாத விரல்’. இன்னொன்றில் ‘சோப்பு’. மூன்றாவதில் ‘சோப்பு, ஸ்பிரிட்’. முதல் தட்டில் அப்படியே மூன்று விரலை ஒற்றினாள். பிறகு நகக்கண், விரலிடுக்கு, கட்டை விரல் என்று முறையாக நுரைத்துக் கழுவி, காயவிட்டு இரண்டாவதில் ஒற்றினாள். கடைசியில் மேஜையிலிருந்த ஸ்பிரிட்டைப் பீச்சித் தேய்த்து, அது ஆவியானதும் மூன்றாவதில் ஒற்றினாள்.

புதன் காலை சூட்டுப்பெட்டியைத் திறந்தாள். கழுவாத விரலில் ஒரு தோட்டமே இருந்தது. மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு, விரல் ரேகையின் வளைவிலேயே வரிசையாக நட்டது மாதிரி. இவ்வளவையும் தூக்கிக்கொண்டா நேற்று பூராவும் நடந்தோம் என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சோப்புத் தட்டில் நாலைந்து வெள்ளைப் புள்ளி. ஸ்பிரிட் தட்டில் தோட்டம் இல்லை, புள்ளியும் இல்லை. விருந்தாளி மட்டும் இருந்தான். ஏழு பேர்.

மூடி மாறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். கவிழ்த்தாள். அடியில் அவள் கையெழுத்து, அவள் எழுதியபடியே இருந்தது. இருந்த விரலிலேயே சுத்தமான விரல் அது. அதில்தான் அவன் வந்திருந்தான்.

அவள் பதறவில்லை. பதறுகிறவர்களுக்கு ஊற்ற வராது. மறுபடி தட்டு எடுத்தாள். மூன்று அறையிலும் போய், மேஜை துடைக்கிற சாக்கில் அவரவர் ஸ்பிரிட் புட்டியிலிருந்து ஒவ்வொரு சொட்டு எடுத்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு எங்க மேஜைக்கு இவ்வளவு மரியாதை?" என்றார் சாக்கடை சார்.

"வெள்ளிக்கிழம ஸ்டோருக்குப் போறவளாச்சே. போறதுக்கு முன்னாடி நல்ல பேர் வாங்கிக்கலாம்னுதான்."

கீழே வந்து, தன் அறை மூலையிலிருந்த பெரிய கேனிலிருந்து ஒரு சொட்டு. ஆட்டோகிளேவில் வைத்த தண்ணீரில் ஒரு சொட்டு. உறை பிரிக்காத புதிய ஸ்பிரிட்டை அதே தண்ணீரில் கலந்து அதில் ஒரு சொட்டு. எல்லாவற்றையும் சூட்டுப்பெட்டியில் வைத்துவிட்டு, கேனுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பதில் மறுநாள்தான் வரும். ஆனால் அவளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்துவிட்டது.

இருபது லிட்டர் கேன். மூன்று அறைக்கும் மேஜை துடைக்க, கை துடைக்க, கத்தரி முக்க, எல்லா ஸ்பிரிட்டும் இதிலிருந்துதான். கெட்டியான ஸ்பிரிட்டில் காய்ச்சிவடித்த தண்ணீரைக் கலந்து இதில் ஊற்றிவைப்பது அவள். கால் பங்கு மிஞ்சும்போது புதியதைக் கலந்து மேலே ஊற்றிவிடுவாள். மிச்சத்தைக் கொட்ட மனசு வராது. ஸ்பிரிட்டைக் கழுவுவார்களா? சுத்தத்தையே சுத்தம் செய்வது யார்? கேன் வந்து ஒன்பது வருடம். ஒரு நாள்கூட அடிவரை காலியானதில்லை. ஒவ்வொரு தடவையும் தண்ணீரோடு, தூசியோடு, புனலோடு நாலு பச்சை மணி உள்ளே விழுந்திருக்கும். விழுந்தது சாகாமல் அடியில் படிந்து தூங்கியிருக்கும். இரண்டு மாதத்துக்கு முன் ஸ்பிரிட் வரத் தாமதமாகி இழுபறியானபோது, கேனைச் சாய்த்து, குலுக்கி, அடி மண்டியையும் வழித்துப் புட்டிகளில் ஊற்றிக் கொடுத்தது யார்? சிக்கனக்காரி என்று அன்று எல்லாரிடமும் பாராட்டு வாங்கிக்கொண்டது யார்?

வியாழக்கிழமை தட்டுகள் சொன்னது அதேதான். நாலு ஸ்பிரிட் சொட்டிலும் விருந்தாளி. கேன் சொட்டில் எண்ண முடியவில்லை, ஒட்டுமொத்தமாக ஒரு சாம்பல் வட்டம். தண்ணீரிலும் புதிய ஸ்பிரிட்டிலும் ஒன்றுமில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், அவளால் அந்தக் கேனிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அதன்மேல் ‘கிருமிநாசினி’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குள் ஒன்பது வருடம். கலந்த தண்ணீரும் குடிக்க உதவாது, சோறு கிடையாது, நமக்கு ஒரு மடக்குப் போதும் தொண்டை வெந்துபோக. அதில் அலுங்காமல் குலுங்காமல் தூங்கிவிட்டு, ஒரு விரல் வழியாகத் தட்டில் இறங்கியதும், நேற்றுப் படுத்து இன்று எழுந்தவன்போலச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவர் தையல் மெஷினில் காலர் திருப்பிக்கொண்டிருந்தார். வீட்டின் முன்னறைதான் அவர் கடை. அவள் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே விஷயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். மெஷினை நிறுத்தினார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"இவ்வளவுதானே?" என்றார். "நாளைக்குக் காலையில முதல் ஆளா போ. கேன தூக்கிப் போடு. எல்லாப் புட்டியையும் உன் குக்கர்ல வெச்சு எடு. புது ஸ்பிரிட் ஊத்து. விருந்தாளி போய்டுவான். உன் சமையல்கட்டு உனக்கு. யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்புறம் என்ன?"

"யாருக்கும் தெரியாதுங்கறதுதாங்க கஷ்டம். அந்தம்மா பத்தொன்பது நோயாளிக்கு இந்தக் கிருமி இருக்குன்னு எழுதியிருக்கு. டாக்டரு அதுக்கு மருந்து குடுத்துட்டு இருப்பாரு. அது புண்ணுல இல்ல, அந்தம்மா விரல்ல இருக்கு. அந்த மண்ணு சார் எட்டு வயலுக்கும் இதத் தூவுங்கன்னு சொல்லப் போறாரு. நான் வாய மூடிக்கிட்டா இதெல்லாம் யாரு அழிக்கிறது?"

"சொன்னா உன்ன ஸ்டோருல உக்கார வெச்சுடுவாங்களே."

"வெச்சா உக்கார்றேன்."

அவர் காலரை மடியில் வைத்துத் தடவினார். "முப்பது வருஷமா நான் ஒரே ஊசி டப்பாவுலதான் கைய விடுறேன். இனிமே அதுலயும் எவன் தூங்குறானோன்னு பயமா இருக்கு."

"தூங்கட்டும். நீங்க அத நக்காம இருந்தா சரி. சாப்பாடு என்ன?"

வெள்ளிக்கிழமை காலை அவள் எப்போதையும்விட அரை மணி நேரம் முன்னால் போனாள். கேனைக் கொட்டவில்லை. கழுவவும் இல்லை. தட்டுகளை ஒரு ட்ரேயில் அடுக்கினாள், கேனைச் சக்கர வண்டியில் ஏற்றினாள், லிஃப்டில் மேலே கொண்டுபோய் இயக்குநர் அம்மாவின் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். மூன்று பேரும் வந்து உட்கார்ந்ததும் தட்டுகளைக் கவிழ்த்து, அடியில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாகப் படித்தாள். கழுவாத விரல். சோப்பு. ஸ்பிரிட். புண்ணு ரூம், மண்ணு ரூம், சாக்கடை ரூம். கேன். புது ஸ்பிரிட். பிறகு நிமிர்த்திக் காட்டினாள்.

"தட்டுல வரல. இதுலேர்ந்து வந்துது," என்று கேனைத் தட்டினாள். "ஒன்பது வருஷமா காலி பண்ணாம மேல மேல ஊத்தினது நான். ரெண்டு மாசம் முன்னாடி அடிய வழிச்சுக் குடுத்ததும் நான்தான்."

புண்ணு மேடம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்பிரிட்டுக்கு ஸ்போர் சாகாது. முதல் வருஷப் பாடம். பரீட்சையில எழுதி மார்க்கு வாங்கியிருக்கேன். செவ்வாக்கிழம நானே உங்களுக்குப் பாடம் வேற எடுத்தேன். எடுத்துட்டு ஸ்பிரிட்டாலயே மேஜையத் தொடச்சேன்." சொல்லிவிட்டு எழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட வெளியே ஓடினாள்.

மண்ணு சார் ஸ்பிரிட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "எட்டு வயலுமா?" என்றார்.

"உங்க புட்டியிலேர்ந்து எடுத்ததுதான் சார் இது. வயல்ல தனியாவும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. ஆனா இந்தத் தட்டுங்கள வெச்சுச் சொல்ல முடியாது."

"ரெண்டு மாசம் முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதாக்கா?"

"பார்த்திருக்கணும் சார்."

அவர் எழுந்து போனார். இயக்குநர் அம்மா கண்ணாடியை இறக்கினார், தட்டுகளைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். கடைசியாக, அந்த வாரத்தில் முதல் தடவையாக, அவள் முகத்தைப் பார்த்தார். "கம்பெனித் தட்டு வாங்கியிருந்தாலும் இந்த ஸ்பிரிட்டாலதான் தொடச்சிருப்போம். அங்கயும் இவன் வந்திருப்பான். நான் அந்தக் கம்பெனிக்காரனோட சண்டை போட்டுட்டு இருந்திருப்பேன்." ஆர்டர் காகிதத்தை நாலாக மடித்துக் கூடையில் போட்டார். "என்ன நடந்துதுன்னு பதிவேட்டுல உங்க கையாலயே எழுதுங்க. எந்தத் தேதியிலேர்ந்துன்னு தெளிவா வேணும். அந்தத் தேதிக்கு அப்புறம் வந்த முடிவெல்லாம் திரும்பப் பண்ணணும். எழுதிட்டுக் கீழ போங்க. நிறைய தட்டு வேணும்."

அவள் எழுதினாள். ஒரு பக்கமும் கால் பக்கமும் வந்தது. கீழே வந்து கேனைக் காலி செய்ய அனுப்பினாள், புனலைக் குப்பையில் போட்டாள், எல்லாப் பீச்சுபுட்டிகளையும் தூர எறிந்துவிட்டு ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில்களை ஆட்டோகிளேவில் ஏற்றினாள். தண்ணீரையும் ஏற்றினாள். இரண்டையும் வெளியே எடுத்து ஆறவிட்டு, புதிய ஸ்பிரிட் கலந்து, ஒவ்வொரு பாட்டிலிலும் தேதி எழுதினாள். ஏழாம் நாள் மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினாள். ‘கொட்டிவிட வேண்டும்’ என்பதற்கு அடியில் தனக்காக இரண்டு கோடு போட்டாள்.

பத்தரை மணிக்கு மண்ணு சார் இரண்டு கையிலும் தட்டு அடுக்கோடு வந்தார். நாற்பது தட்டு. "குக்கர்ல இடம் இருக்காக்கா?"

"இருக்கு சார். வைங்க."

அவரே ஒவ்வொன்றாகப் பையில் போட்டார். கடைசித் தட்டை மட்டும் வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டார். "திங்கட்கிழம எட்டு வயலுக்கும் திரும்பப் போறேன். அறுபது தட்டு வேணும்."

"எழுபது தரேன். பத்தத் திறக்காம அப்படியே வைங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போன கையோடு சாக்கடை சார் வந்தார். கையில் ஒரு சின்னக் குப்பி, அதில் கேனின் அடி மண்டியில் எடுத்த ஒரு ஸ்பூன். "எல்லாத்தையும் கொன்னுடாதீங்கக்கா. ஒன்பது வருஷம் இதுக்குள்ள இருந்தவன சும்மா அனுப்ப முடியுமா? இவன ஃப்ரீசர்ல போட்டு நம்பர் குடுக்கப் போறேன். எப்படி இருந்தான்னு நிதானமா கேட்கணும். ஒரு தட்டு ஊத்துங்க."

அடுப்பில் அப்போதுதான் ஒரு குடுவை ஆறிக்கொண்டிருந்தது. அவள் அதை மணிக்கட்டின் உட்புறம் வைத்தாள், மூன்று எண்ணினாள். ஒரு தட்டின் மூடியை விரல் நுழையும் அளவுக்குத் தூக்கி, அடி மறையும்வரை ஊற்றி மூடினாள். உறைந்ததும் கவிழ்த்து, அடியில் தேதி எழுதினாள், அதற்குக் கீழே ‘ஸ்பிரிட் கேன், சமையல்கட்டு’ என்று எழுதினாள், சாக்கடை சாரிடம் நீட்டினாள்.